எம்.சி. சீட்டும் கூட்டுப் பணமும்



போன வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு பிரசாதம் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். கணவர் இரண்டு மாதமாகப் படுக்கையில். "கவர்மெண்டு ஆஸ்பத்திரியில பெருசா ஒண்ணும் கேக்கலைங்க. ஈப்போ போயிட்டு வர்ற வண்டிக் காசும் வீட்டுச் செலவும்தான் தாங்கல" என்றார்.

கேட்டதும் எங்களுக்குத் தோன்றியது இதுதான்: தோட்டத்தில் நம்ம ஆளுங்க கதையே இதுதானே? மருந்து எப்படியோ கிடைத்தது. படுத்திருந்த நாளுக்குச் சம்பளம்தான் கிடைக்கவில்லை.

கொஞ்சம் பின்னால் போவோம். 1907-இல் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை அரசாங்கம் தொடங்கியது. முதலாளிமார் கட்டிய பணத்தில்தான் நம் பாட்டன்மாருக்குக் கப்பல் கூலி. நோய் வந்து உழைக்க முடியாமல் போனவர்களைத் திரும்ப ஊருக்கு ஏற்றி அனுப்பியதும் அதே நிதிதான். வரும்போதும் அவர்கள் செலவு, முடியாமல் போனாலும் அவர்கள் செலவு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் உடம்பு முடியாதவனுக்கு இந்த மண்ணில் இடமில்லை என்பதும் அதற்குள் இருக்கிறது, பாருங்க.

கேமரன் மலையில் தேயிலை வந்தது அதற்குப் பிறகு. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். நம்ம கம்போங் ராஜா பக்கம் புளூ வேலி. அந்தக் காலத்தில் மலாயாத் தோட்டங்களில் ஆணுக்கு நாள் கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று ஒரு கணக்கு. பகாங் உட்பகுதியில் சற்றுக் கூடுதல். 1930-இல் உலகமே நொடித்தபோது அதையும் 40, 32 என்று இறக்கினார்கள். டிரெசர் மருந்துக்குக் காசு கேட்கமாட்டார். ஆனால் விடியற்காலையில் பெரட்டுக்குப் போகாதவன் பெயர் செக்ரோலில் ஏறாது. பெயர் ஏறாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. காய்ச்சல் பத்து நாள் என்றால் பத்து நாள் கூலி போச்சு. கடையில் பற்று எழுதணும், இல்லாவிட்டால் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகணும்.

அந்தப் பள்ளத்தை நிரப்பியது கூட்டு. பத்துப் பேர் மாதம் ஆளுக்குப் பத்து வெள்ளி போட்டால் ஒருவர் கையில் நூறு வெள்ளி. அடுத்த மாதம் அடுத்தவர். யார் வீட்டிலாவது நோய் என்றால் அந்த மாதத்தை அவர்களுக்கே விட்டுக்கொடுப்பார்கள் என்று எங்கள் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். எழுத்து இல்லை, கையெழுத்து இல்லை. ஓடிப்போனவர்களும் உண்டு, மறைக்க வேண்டாம். கூட்டு நடத்துவதைத் தொழிலாக்கி ஏமாற்றியவர்களும் உண்டு. 1971-இல் அந்தத் தொழிலை நாடாளுமன்றம் தடை செய்தது. சட்டத்தின் பெயரிலேயே 'கூட்டு' என்ற நம்ம தமிழ்ச் சொல் இருக்கிறது!

வேடிக்கை என்னவென்றால், அதே 1971-இல்தான் சொக்சோவும் நடைமுறைக்கு வந்தது. 1969-ஆம் ஆண்டுச் சட்டம் அது. வேலையில் அடிபட்டு எம்.சி.யில் இருந்தால் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். வேலைக்குச் சம்பந்தமில்லாத நோயாக இருந்தாலும், இனி உழைக்கவே முடியாது என்று மருத்துவக் குழு சொன்னால் இயலாமை ஓய்வூதியம் உண்டு. சந்தா ஒழுங்காகக் கட்டியிருக்கணும், 60 வயதுக்குள் விண்ணப்பிக்கணும்.

இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்தான் அந்த அம்மாவின் கணவர். அடிபடவில்லை. நிரந்தரமாக முடங்கவும் இல்லை. இவருக்கு இருப்பது வேலைச் சட்டம் தரும் மருத்துவ விடுப்புதான். இரண்டு வருசத்துக்குக் குறைவான சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்து வருசத்துக்குள் 18, அதற்கு மேல் 22. ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள். 2023 ஜனவரியிலிருந்து இந்த 60 தனிக் கணக்கு, முன்பு போல 22-ஐ அதில் கழிப்பதில்லை.

இங்கேதான் நம்மவர்கள் ஏமாந்து போகிறார்கள். எம்.சி. எடுத்தால் 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்கணும் அல்லது தெரிவிக்க முயற்சியாவது செய்திருக்கணும். இல்லாவிட்டால் அனுமதியில்லாமல் வராத கணக்கில் போய்விடும். எங்களுக்குத் தெரிந்த ஒருவர் சீட்டைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்து ஐந்து நாள் சம்பளத்தை விட்டார். வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தால் போதும். பாட்டன் காலத்தில் பெரட்டுக்குப் போகாதவனுக்கு இந்த வழியே இல்லை.

காய்கறித் தோட்டத்தில் நாள் கூலிக்குப் போகிறவர்களும் கேளுங்க. ஒரே ஒரு ஆளை வைத்திருந்தாலும் முதலாளி சொக்சோ கட்டணும். சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு 2017 முதல் தனித் திட்டம் இருக்கிறது. ஆனால் அது வேலையில் நேரும் விபத்துக்குத்தான், காய்ச்சலுக்கு அல்ல.

அந்த அம்மா சொன்ன வண்டிக் காசுக்கு வருவோம். குறைந்த வருமானக் குடும்பத்தில் 40 வயதைத் தாண்டியவர்களுக்குப் பெக்கா பி40 என்று ஒரு திட்டம் 2019 முதல் இருக்கிறது. தகுதி இருந்தால் சிகிச்சைக்குப் போய்வரும் செலவுக்கு 500 வெள்ளி வரை தருகிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு இருக்கும். அங்கே போய்க் கேட்க வெட்கப்படாதீங்க.

வருகிற வெள்ளி பூசைக்குப் பிறகு எங்களில் இருவர் கோயில் மண்டபத்தில் இருப்போம். ஐ.சி., எம்.சி. சீட்டுகள், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு எடுத்துக்கொண்டு வாங்க. பாரம் நிரப்பத் தெரியாவிட்டால் நாங்கள் எழுதித் தருகிறோம்.