ஆடை நாற்றமும் அதனைக் களைந்தோர் வரலாறும்

நாற்றம் என்னுஞ் சொல் பழந்தமிழில் இழிபொருள் தருவதன்று. மலரின் மணத்தையும் புலாலின் வாடையையும் ஒருங்கே சுட்டிய பொதுச்சொல் அது. திருவள்ளுவர் ஐம்புலன்களை எண்ணுமிடத்தும் அச்சொல்லையே ஆண்டார். காலப்போக்கில் அது தன் நிலையினின்று தாழ்ந்து, தீய வாடைக்கே உரியதாயிற்று. சொற்கள் தாழ்வதுபோலத் தொழில்களும் தாழ்த்தப்படுவதுண்டு. ஆடையினின்று அழுக்கையும் நாற்றத்தையும் அகற்றிய மக்கள், அவ்வழுக்குக்கும் நாற்றத்துக்கும் தாமே உரியவர் போலப் பல நாடுகளிலும் எண்ணப்பட்டனர். அவர்தம் கைத்திறன் எத்தகைய அறிவின் மேல் நின்றது என்பதை வரலாறு காட்டுகின்றது.

ஆடை வெளுத்தலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வெண்மையையே பேசுவர். ஆயின் வெண்மை வேறு, நாற்றமின்மை வேறு. இவ்வேறுபாட்டைச் சங்கப் புலவர் நன்கறிந்திருந்தனர். குறுந்தொகையின் 330ஆம் பாட்டு, பகன்றை மலருக்கு, ஆடை வெளுப்பவள் கஞ்சிப்பசை தோய்த்துக் குளிர்ந்த நீரிலிட்ட துணியின் முறுக்கை உவமையாக்குகின்றது. அம்மலர் துணிபோல் வெண்மையாயினும் கள்ளைப்போல நறுமணமின்றிக் கமழும் என்றும் அப்பாட்டுக் கூறும். கண்ணுக்குத் தூயது மூக்குக்குத் தூயதாகாமலும் இருக்கலாம் என்பது இதனாற் பெறப்படும். அன்றியும் புலவர் அவ்வெளுப்பவளை நலமுந் தகைமையும் உடையவள் என்றே குறிக்கின்றார். பிற்காலச் சமுதாயம் அவளுக்கு அளியாத மதிப்பு அது.

உரோமரின் வெளுப்புக்கூடங்கள்

இத்தொழில் பற்றிய விரிவான பழஞ்சான்றுகள் உரோமப் பேரரசிற் கிடைக்கின்றன. கி.பி. 79இல் வெசூவியசு எரிமலை சாம்பலால் மூடிய போம்பெயி நகரை அகழ்ந்தோர், அங்கே பல வெளுப்புக்கூடங்களைக் கண்டனர். அவற்றுள் தெபனசு என்பானுடையது எனப்படும் கூடம் நகரின் பெருந்தெருக்களுள் ஒன்றில், முன்பு செல்வர் இல்லமாயிருந்த கட்டடத்தில் அமைந்திருந்தது. தொழிலாளர் சிறு தொட்டிகளில் நின்று கம்பளியாடைகளைக் காலால் மிதித்தனர். பின்னர் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்ட பெருந்தொட்டிகளில் அவற்றை அலசினர். புதுநீர் ஒரு முனையிற் புகுந்து மறுமுனையில் வெளியேறும். ஆடையோ அதற்கு எதிர்த்திசையில், கலங்கிய நீரிலிருந்து தெளிந்த நீருக்குச் செல்லும். குறைந்த நீரைக்கொண்டு நிறைந்த தூய்மை பெறும் வழி இது.

அவர்கள் சவர்க்காரத்தை இத்தொழிலுக்குப் பயன்படுத்தினாரல்லர். நாட்பட்ட சிறுநீரே அவர்தம் முதற் பொருள். கேட்போர் முகஞ்சுளிப்பர், ஆயினும் அதன் காரணம் அறிவியலுக்கு உடன்பாடானது. சிறுநீரிலுள்ள யூரியா நாட்படச் சிதைந்து அமோனியா ஆகின்றது. அமோனியா கரைந்த நீர் காரத்தன்மை உடையது. காரம், உடலினின்று ஆடையிலேறும் எண்ணெய்ப்பசையைக் கரையச் செய்கின்றது. வியர்வை நாற்றத்துக்கு இடங்கொடுப்பது அவ்வெண்ணெய்ப்பசையே. ஆகவே ஒரு நாற்றத்தைக்கொண்டு மற்றொரு நாற்றத்தின் வேரை அறுத்தனர் எனலாம்.

அவ்வாறாயின் சிறுநீரின் நாற்றத்தை எவ்வாறு போக்கினர்? பெருந்தொட்டிகளில் நடந்த நீண்ட அலசலே அதன் முதல் விடை. களிமண்ணும் கந்தகமும் ஏனைய விடைகளாகும். இவற்றை முறைப்படுத்தக் கி.மு. 220ஆம் ஆண்டளவில் உரோமிற் சட்டமொன்றே இயற்றப்பட்டது. பிளினி என்னும் ஆசிரியர் அதனைக் குறிப்பிட்டு, முதலிற் சார்தீனிய மண்ணால் துவைத்தல், அடுத்துக் கந்தகப் புகையூட்டல், இறுதியிற் கிமோலியத் தீவின் மண்ணால் துலக்குதல் என வரிசை கூறுகின்றார். நுண்ணிய களிமண் பசையையும் வாடையையும் தன்பால் ஈர்த்துக்கொள்ளும். கந்தகப் புகை நிறத்தை வெளிறச் செய்வதோடு நுண்ணுயிர்களையும் அழிக்கும். போம்பெயித் தூணொன்றில் வரையப்பட்ட ஓவியத்தில், புகையூட்டுதற்குரிய கூடைச் சட்டத்தைத் தொழிலாளி ஒருவன் சுமந்து வருகின்றான். அச்சட்டத்தின் மேல் மினேர்வாத் தெய்வத்தின் ஆந்தை அமர்ந்திருக்கின்றது.

இலக்கியம் இவர்களை எவ்வாறு நோக்கியது? மார்சியல் என்னும் அங்கதப் புலவர், ஒருத்தியின் உடல் நாற்றத்தை இகழப் புகுந்து, தெருவில் உடைந்த வெளுப்போன் சாடியை உவமை தேடிக்கொண்டார். வெசுப்பாசியன் (கி.பி. 69–79) பொதுக் கழிப்பிடங்களின் சிறுநீருக்கு வரி விதித்தபோது, மகன் தீத்தசு அதனை இழிவென்றான். தந்தையோ அவ்வரியில் வந்த நாணயத்தை அவன் மூக்கின்முன் நீட்டி, இது நாறுகின்றதா என வினவினானாம். அரசனுடைய பணம் நாறவில்லை. உழைத்தவன் சாடி மட்டும் நாறியது!

ஆயினும் அவர்தம் ஊரார் அவர்களை முற்றும் ஒதுக்கினர் என்பதற்கு இல்லை. போம்பெயியின் பொதுப் பூசகியாகிய யூமாக்கியா என்பாளுக்குச் சிலையெடுத்தவர் வெளுப்போரே எனக் கல்வெட்டுச் சான்று பகர்கின்றது. தேர்தலில் இன்னாரை ஆதரிக்கின்றோம் எனச் சுவர்களில் எழுதுவித்தோருள்ளும் அவர்கள் இருந்தனர். வேர்ச்சிலின் காவியத் தொடக்கத்தைத் திரித்து, தான் பாடுவது வீரனை அன்று, வெளுப்போரையும் ஆந்தையையுமே எனச் சுவரிற் கிறுக்கியவனும் ஒருவன் உளன்.

வெள்ளாவியும் வெயிலும்

உரோமர் அமோனியாவிற் கண்ட காரத்தைத் தமிழகத்து வண்ணார் உவர்மண்ணிற் கண்டனர். உவர்மண் கரைத்த நீரில் துணிகளைத் தோய்த்து, வெள்ளாவிப் பானையின்மேல் அடுக்கி, இரவு முழுதும் நீராவியில் அவித்தனர். விடிந்தபின் கல்லில் அடித்து அலசி வெயிலில் உலர்த்தினர். காரம் பசையைக் கரைத்தது. ஆவி நுண்ணுயிர்களைக் கொன்றது. வெயில் ஈரத்தை விரைந்து போக்கியது. இம்மூன்றும் ஒருங்கே அமைந்த முறை இது. இலங்கைத் தமிழர் வழங்கும் சவர்க்காரம் என்னும் பெயரின் ஈற்றில் காரம் என்னுஞ் சொல் இன்றும் நிலைத்திருப்பது ஈண்டு நோக்கற்பாலது.

உலர்த்தலின் இன்றியமையாமையைப் பெரியபுராணம் உணர்ச்சி ததும்பக் காட்டுகின்றது. காஞ்சியில் வாழ்ந்த திருக்குறிப்புத் தொண்ட நாயனார், அடியார் ஒருவரின் அழுக்கடைந்த கந்தையைப் பொழுது சாயுமுன் வெளுத்து உலர்த்தித் தருவதாக வாக்களித்தார். துவைத்தல் முடிந்தது, ஆயின் பெருமழை பிடித்துக்கொண்டது. வாக்குத் தவறியதென வருந்திய நாயனார் தம் தலையைத் துவைகல்லில் மோதப் புகுந்தபோது இறைவன் தடுத்தாட்கொண்டான் என்பது வரலாறு. பக்தியின் பெருமையே அதன் உட்பொருள். எனினும் அதன் நடுவே தொழிலறிவு ஒன்றும் அமைந்து கிடக்கின்றது. துவைத்தது மட்டும் போதாது. உலராத ஆடை தூய ஆடையாகாது.

யாழ்ப்பாணத்திலே மங்கல அமங்கலச் சடங்குகளில் வெள்ளை கட்டுதலும் நிலபாவாடை விரித்தலும் இத்தொழிலோரின் உரிமையாயிருந்தன. அவர் தந்த துகிலாற் சடங்கு தூய்மை பெற்றது. துகில் தந்தவருக்கோ ஆலயத்தின் வாயில் அடைபட்டிருந்தது. சமூகக் குறைபாடுகளைத் தடைசெய்யுஞ் சட்டம் 1957இல் இலங்கைப் பாராளுமன்றத்தில் நிறைவேறிய பின்னரும், 1968இல் மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. தூய்மையைப் பெற்றுக்கொண்டு அதனை அளித்தவரைத் தீட்டென்று ஒதுக்கிய இம்முரண்பாடு உரோமில் மட்டும் நிகழ்ந்ததன்று.

குளோரீனின் வருகை

மேலைநாடுகளில் இடைக்காலந் தொட்டு விறகுச் சாம்பலினின்று வடித்த காரநீரே ஆடை வெளுக்கப் பயன்பட்டது. ஒல்லாந்தின் ஆர்லெம் நகரைச் சூழ்ந்த வெளிற்றுநிலங்கள் பெயர்பெற்றவை. அங்கே லினன் துணிகள் காரநீரிலும் புளித்த மோரிலும் மாறிமாறித் தோய்ந்து, புல்வெளியில் மாதக்கணக்காக வெயில் காய்ந்தன. எடின்பரோவைச் சேர்ந்த மருத்துவர் பிரான்சிசு ஓம் 1756இல் மோருக்குப் பதிலாக ஐதான கந்தகவமிலத்தை எடுத்துரைத்தார். அதனால் காலம் பெரிதுஞ் சுருங்கிற்று.

பெருமாற்றம் குளோரீனால் விளைந்தது. சுவீடன் நாட்டுச் சீலே 1774இல் அவ்வாயுவைப் பிரித்தெடுத்தார். பிரெஞ்சு அறிஞர் பேர்தொலே 1785இல் அது துணியை வெளிறச் செய்தலை உலகுக்கு அறிவித்தார். கிளாசுக்கோ நகரிற் சாள்சு தெனன்று 1799இல் வெளிற்றுந்தூளுக்குக் காப்புரிமை பெற்றார். மாதங்கள் நாள்களாயின.

வெண்மைக்கென வந்த இப்பொருள் நாற்றத்தையும் வெல்லும் என்பது 1820களில் தெளிவாயிற்று. பாரிசு நகர மருந்தாளர் லபராக், விலங்குக் குடலைப் பதப்படுத்தும் தொழிற்கூடங்களின் பொறுத்தற்கரிய அழுகல் நாற்றத்தைக் குளோரீன் சேர்ந்த நீர்மத்தால் அகற்றினார். 1824இல் பதினெட்டாம் லூயி மன்னன் உடலழுகி இறந்தபோது, அந்நீர்மத்திற் தோய்த்த துணியாற் பிணத்தின் நாற்றத்தைத் தணித்தவரும் அவரே. 1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்சு நதி நாறியபோது, இலண்டன் பாராளுமன்றத்தின் திரைச்சீலைகளை வெளிற்றுந்தூட் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டனர்.

அக்காலத்தார் நாற்றமே நோயின் காரணம் என நம்பினர். அந்நம்பிக்கை பிழையாயினும் நன்மை ஒன்றை விளைத்தது. வியன்னா மருத்துவமனையில் செம்மெல்வைசு 1847இல், பிணவறையினின்று வரும் மருத்துவர் கைகளின் வாடை வெளிற்றுந்தூளால் நீங்குவதைக் கண்டு, பிரசவ அறைக்குள் நுழையுமுன் அதனாற் கைகழுவும்படி விதித்தார். ஏப்பிரலில் நூற்றுக்கு 18 அளவிலிருந்த தாய்மார் இறப்பு யூன் மாதத்தில் நூற்றுக்கு 2 அளவாகக் குறைந்தது. நாற்றத்தைத் துரத்தச் சென்றவர், அதன்பின் மறைந்திருந்த நுண்ணுயிரை அறியாமலே துரத்தினார். லூயி பாச்சரின் ஆய்வுகள் வெளிவந்த பின்னரே அதன் காரணம் தெளிவாயிற்று.

துவைத்த பின்னும் நாறுவது ஏன்?

இருபதாம் நூற்றாண்டில் வேலை இயந்திரத்துக்கு மாறிற்று. செருமனியில் 1907இல் வெளிவந்த பேர்சில் தூள், கொதிநீரில் ஒட்சிசனை வெளியிட்டுத் தானே வெளுத்தது. அமெரிக்காவில் 1946இல் தைடு என்னும் செயற்கைத் தூள் தோன்றியது. பின்னர் எரிபொருட் சிக்கனம் கருதி மக்கள் வெந்நீரைக் கைவிட்டுக் குளிர்நீரில் துவைக்கலாயினர். பருத்தியின் இடத்தைச் செயற்கை இழைகள் பற்றின. பழைய நாற்றம் புதுவடிவிற் திரும்பிற்று. துவைத்து மடித்த ஆடை, மழைநாளில் வீட்டினுள்ளே உலர்ந்த ஆடை, மீண்டும் சிறிது நனைந்ததும் பூசண வாடை வீசுவதைப் பலரும் அறிவர்.

யப்பானிய ஆய்வாளர் 2012இல் இதன் மூலத்தைக் கண்டறிந்தனர். மொறட்செல்லா ஒசுலோவென்சிசு என்னும் பற்றீரியா, துவைத்தலில் எஞ்சிய உடற்பசையை உண்டு, கூர்மையான வாடையுள்ள கொழுப்பமிலம் ஒன்றை உண்டாக்குகின்றது. அது உலர்ச்சியையும் ஓரளவு வெயிலின் ஊதாக் கடந்த கதிரையுந் தாங்கி உயிர்வாழ வல்லது. பெல்சியத்தில் 26 பேர் உடற்பயிற்சியின்போது அணிந்த மேற்சட்டைகளைச் சோதித்து 2014இல் வெளியான ஆய்வு, பருத்தியிலும் பொலியெசுத்தர் துணி மிக்க தீநாற்றம் உடையதாதலைக் காட்டிற்று. பருத்தி வாடையை உள்ளீர்த்துக்கொள்ளும். செயற்கை இழையோ பசையைப் பற்றி வைத்து, அதனை விரும்பும் நுண்ணுயிர்க்கு இடமளிக்கும். ஈரத் துணி வெயிலிற் காயும்போது மட்டும் தோன்றும் இனிய வாடைக்குரிய சேர்வைகளை 2020இல் வெளியான மற்றோர் ஆய்வு இனங்கண்டது. வெயிலில் உலர்ந்த ஆடையின் மணம் வெறுங் கற்பனையன்று.

முடிபு

இவற்றைத் தொகுத்து நோக்கின் ஓருண்மை புலனாகும். நாற்றம் துணியின் இயல்பன்று. துணியில் எஞ்சிய பசையும், பசையில் வாழும் உயிரும், உயிருக்கு உதவும் ஈரமுமே அதனை விளைக்கின்றன. இம்மூன்றையும் போக்காது வாசனைத் திரவியத்தைத் தெளிப்பது மறைத்தலேயன்றி நீக்கலாகாது. மறைத்த நாற்றம் மறுநாள் வெளிப்படும். பசையைப் போக்கக் காரமும், நுண்ணுயிரைப் போக்க வெப்பமும், ஈரத்தைப் போக்க வெயிலும் காற்றும் வேண்டும். அளவறிந்து தூளிட்டு, துணிக்கு ஏற்குமாயின் 60 பாகை செல்சியசு அளவான வெந்நீரில் துவைத்து, நன்கலசி, ஈரத்தோடு குவித்து வையாது உடனே விரித்து உலர்த்துக என்று இன்றைய அறிவியல் கூறுகின்றது. உவர்மண்ணும் வெள்ளாவியும் வெயிலுங் கொண்டு வண்ணார் நெடுங்காலம் செய்துவந்ததும் இதுவேயன்றோ!

நூல் கல்லாதவர் எனப்பட்டோர் கையறிவால் அடைந்ததற்கு நூல் கற்றோர் பின்னர்க் காரணங் கண்டனர். தீநாற்றம் சாடியிலும் இல்லை, சாதியிலும் இல்லை. மார்சியல் இகழ்ந்த சாடி உடைந்து மண்ணாயிற்று. அவ்வுழைப்பாளர் எடுத்த சிலையின் கல்வெட்டு நிலைத்தது. திருக்குறிப்புத் தொண்டரை அறுபத்து மூவருள் ஒருவராக வைத்து வணங்கும் மரபினர், அவர் செய்த தொழிலையும் அதனைச் செய்தோரையும் இழித்தெண்ணுதல் தம் மரபுக்கே முரணாகும். வெளுத்த ஆடை அணிந்து ஆலயம் புகுவோர், அதனை வெளுத்த கையையும் ஒருகணம் நினைதல் கடனாகும்.