பாஸ்கா இரவு கடந்து வந்த வழி



கிறிஸ்து பிறப்புக்கு டிசம்பர் 25 என்று நாள் நிலைத்துவிட்டது. உயிர்ப்புப் பெருவிழா மட்டும் ஏன் ஆண்டுதோறும் இடம் மாறுகிறது என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்பதுண்டு. ஆண்டவர் பாடுபட்டது யூதரின் பாஸ்கா நாட்களில். எகிப்தின் அடிமைத்தனத்தைக் கடந்து வந்ததன் நினைவான அவ்விழா முழுநிலவை ஒட்டி வருவது. 325ஆம் ஆண்டு நிசேயாவில் கூடிய பொதுச்சங்கம், திருச்சபை முழுவதும் ஒரே ஞாயிறன்று உயிர்ப்பைக் கொண்டாட வேண்டுமெனத் தீர்மானித்தது. மார்ச் 21 அன்றோ அதன் பின்னரோ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு என்பதே நாம் பின்பற்றும் கணக்கு. ஆகவே மார்ச் 22க்கு முன்னும் வராது. ஏப்ரல் 25க்குப் பின்னும் வராது. பெரும்பாலும் நம் பங்குனிப் பௌர்ணமிதான் அந்த நிலவு.

முட்டைக்கு வண்ணம் பூசுவது மேல்நாட்டு வழக்கம். அங்கே தவக்காலத்தில் முட்டையும் விலக்கு. கோழிக்கு நோன்பு கிடையாதே! சேர்ந்த முட்டையெல்லாம் உயிர்ப்பு நாளில் விருந்தாயிற்று. இதற்கு மேல் அதில் பெரிதாக ஒன்றுமில்லை.

விழாவின் உயிர்நாடி சனி இரவுத் திருவிழிப்பே. ஆதித் திருச்சபையில் இரவெல்லாம் விழித்திருந்து, மறைநூல் வாசித்து, புதியவர்களுக்குத் திருமுழுக்கு அளித்தார்கள். பிற்காலத்தில் வசதியை எண்ணி நேரம் சிறிது சிறிதாக முன்னே நகர்ந்தது. மாலையாயிற்று, பிற்பகலாயிற்று, கடைசியில் சனி காலையிலேயே வந்து நின்றது. பகல் வெளிச்சத்தில் பாஸ்கா திரியை ஏற்றிவிட்டு, இரவின் மகிமையை இலத்தீனில் பாடினார்கள்! நண்பகலோடு தவக்காலமும் முடிந்தது. ஆண்டவர் கல்லறையில் இருக்கும் நாளிலேயே வீட்டில் கறிக்குழம்பு கொதித்தது.

1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தபோது இப்பகுதிக் கத்தோலிக்கர் அறிந்திருந்ததும் அந்தக் காலைப் பூசையைத்தான். அணை நீரில் ஊர்கள் மூழ்கின. கோடையில் தண்ணீர் வற்றும்போது பண்ணவாடியில் ஒரு கிறிஸ்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரம் வெளியே தெரிவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பாஸ்கா காலத்தை ஒட்டி அது தெரிந்தால் ஆலயம் உயிர்த்ததாகச் சிலர் மகிழ்கிறார்கள். ஆனால் அணை வறண்டால் டெல்டா உழவனுக்கு அது நல்ல செய்தியன்று.

1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் திருவிழிப்பை மீண்டும் இரவில் நடத்த அனுமதி தந்தார். 1956 முதல் அதுவே எங்கும் சட்டமாயிற்று. பல நூற்றாண்டுகளாக இழந்திருந்த இரவு நமக்குத் திரும்பக் கிடைத்தது.

இப்போது, "சாமி, காலை ஷிப்டுக்குப் போகணும், ஆறு மணிக்கே பூசையை முடித்துவிடுங்களேன்" என்கிறார்கள். அவர்கள் சிரமம் எனக்குத் தெரியும். ஆனால் அன்றும் இப்படித்தான் நேரம் நகரத் தொடங்கியது. நம் ஆலய முற்றத்தில் இவ்வாண்டும் நன்றாக இருட்டிய பிறகே புதுத்தீ மூட்டப்படும்.