பிள்ளையோடு செல்லும் பத்திரங்கள்

பிள்ளையொன்றை வேறொரு குடும்பத்தின் வளர்ப்பில் விடும்போது, இங்கிலாந்தின் உள்ளூராட்சிச் சபைகள் பெற்றோர் முன் பல படிவங்களை வைக்கின்றன. எம்மவர் பலர் அவற்றை வெறும் கந்தோர்ச் சடங்காகவே கருதுகின்றனர். அப்படிவங்கள் எத்தகைய துயரங்களின் பின் உருவாயின என்பதை அறிந்தோர் அவ்வாறு கருத மாட்டார்கள்.

1938ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம், 10ஆம் நாள்களில் யேர்மனியில் யூதர்களின் வழிபாட்டிடங்களும் கடைகளும் சூறையாடப்பட்டன. அதன்பின், பதினேழு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பெற்றோரின்றி வருவதற்குப் பிரித்தானிய அரசு இணங்கியது. முதற்றொகுதியினர் டிசெம்பர் 2ஆம் நாள் ஹாவிச் துறைமுகத்தில் இறங்கினர். அடுத்த ஆண்டு போர் மூளுவதற்குள் ஏறத்தாழ 10,000 பிள்ளைகள் வந்து சேர்ந்தனர். அவர்தம் கையில் புகைப்படம் ஒட்டிய அடையாளப் பத்திரமும் கழுத்தில் இலக்க அட்டையும் இருந்தன. பின்னர் வேறு நாட்டுக்கு அனுப்பும் செலவுக்கென ஒவ்வொருவருக்கும் 50 பவுண் பிணையும் கேட்கப்பட்டது.

அப்பத்திரங்கள் எல்லையைக் கடக்க உதவின. பிள்ளை எவர் வீட்டில், எந்தச் சமயத்தில், எந்த மொழியில் வளர வேண்டும் என்பதை அவை கூறவில்லை. டோவர்கோட் விடுமுறை முகாமில் தங்கியிருந்த பிள்ளைகளை, வளர்க்க முன்வந்தோர் நேரிற் பார்த்தே தெரிந்தெடுத்தனர். சிறு குழந்தைகளுக்கு விரைவில் இடம் கிடைத்தது. வளர்ந்த சிறுவர்கள் காத்திருந்தனர். யூத இல்லங்கள் போதாமையாற் பலர் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சென்றனர். தாய்மொழியை மறந்தோரும் உளர். இப்பிள்ளைகளுக்குச் சட்டபூர்வமான பாதுகாவலரை ஏற்படுத்தும் சட்டம் 1944இலேயே பிறந்தது.

உள்நாட்டுப் பிள்ளைகளின் நிலையும் மேலானதாக இருக்கவில்லை. நியூபோட் நகரசபை வளர்ப்புக்கு ஒப்படைத்திருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் டெனிஸ் ஓநீல், 1945 ஜனவரி 9ஆம் நாள் ஷ்ரொப்ஷயர்ப் பண்ணையொன்றில் பட்டினியாலும் அடியாலும் நலிந்து இறந்தான். அனுப்பிய சபை ஓரிடத்திலும் பண்ணை வேறொரு மாவட்டத்திலும் இருந்தன. அவனைக் கண்காணிக்கும் பொறுப்பு இரண்டுக்குமிடையே சிதறிப்போனது. அம்மரணம் நாட்டை உலுக்கியது. கேர்ட்டிஸ் அம்மையார் தலைமையிலான குழு 1946இல் அறிக்கை சமர்ப்பித்தது. ஒவ்வோர் உள்ளூராட்சியும் சிறுவர் நலனுக்கெனத் தனி அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டுமென 1948ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது.

இன்றைய படிவங்களுக்கு அடிப்படையாக இருப்பது, 1991 அக்டோபர் 14இல் நடைமுறைக்கு வந்த 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டமாகும். இடமொன்றைத் தீர்மானிக்கையில் பிள்ளையின் சமயம், இனம், பண்பாடு, மொழி ஆகியவற்றைச் சபை கருத்திற் கொள்ள வேண்டும். எனவே தாய்மொழி, சமயம், உணவு பற்றிய பகுதிகளை வெறுமையாக விடலாகாது. டோவர்கோட் பிள்ளைகளிடம் எவரும் கேட்காத கேள்விகள் அவை.

இருவகை ஏற்பாடுகளையும் வேறுபடுத்தி அறிதல் அவசியம். 20ஆம் பிரிவின்படி பிள்ளையை விடுவது பெற்றோரின் சம்மதத்தின் பேரிலாகும். பெற்றோருக்குரிய பொறுப்பு அவர்களிடமே இருக்கும். 31ஆம் பிரிவின் கீழானது நீதிமன்றக் கட்டளை. அப்போது சபையும் அப்பொறுப்பைப் பெறுகிறது. எப்பிரிவின் கீழ் கையொப்பம் கேட்கப்படுகிறது என்பதை முதலிற் கேட்டறிய வேண்டும்.

எம்மவர்க்குரிய சிக்கல் ஒன்றும் உண்டு. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளை, நெருங்கிய உறவினரல்லாதவர் வீட்டில் 28 நாள்களோ அதற்கு மேலோ வளருமாயின் சபைக்கு அறிவித்தல் கட்டாயம். தந்தையின் ஒன்றுவிட்ட சகோதரரையும் நாம் சித்தப்பா என்றே அழைக்கிறோம். சட்டமோ அத்தகைய ஒன்றுவிட்ட சகோதரரை நெருங்கிய உறவினராக ஏற்பதில்லை. ஊரிலிருந்து தனியே வந்த பிள்ளையை அன்போடு வைத்திருப்பவர், தாம் சட்டத்தை மீறுவதை அறியாமலே இருக்கக்கூடும்.

பெயர் விடயத்திலும் கவனம் தேவை. தந்தையின் பெயரே குடும்பப்பெயராகப் பதியப்படும் நாட்டில், சகோதரர் இருவரின் பெயர்கள் இரு கோவைகளில் இருவிதமாக எழுதப்பட்டால், உறவு கடதாசியில் அறுந்துவிடும்.

சபையின் பராமரிப்பிலிருந்த பிள்ளையின் கோவை, அவரது 75ஆவது பிறந்தநாள் வரை பேணப்பட வேண்டுமென்பது விதி. அன்று வந்த யூதச் சிறுவரின் பதிவுகளை அவர்தம் பேரர்கள் இன்று தேடிப் படிக்கின்றனர். எமது பிள்ளைகளும் ஒருநாள் தேடுவர். ஆகவே, மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். விளங்காத வரிக்குக் கையொப்பமிடாதீர்கள். ஒவ்வொரு பத்திரத்தின் பிரதியையும் பெற்று வீட்டில் வையுங்கள்.