தாழ்வாரக் கிராதியில் ஒளிந்திருந்த நஞ்சு

குழந்தை நோயுற்றால் மருத்துவர் குழந்தையைச் சோதிக்கிறார். அது விளையாடும் வீட்டையும் சோதிக்க வேண்டும் என்று உணர்த்திய வரலாறு ஒன்று உண்டு. அது ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் நிகழ்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பிரிஸ்பேன் நகரத்துக் குழந்தைகள் சிலர் வயிற்றுவலியாலும் கைகால் தளர்ச்சியாலும் வருந்தினர். சிலருக்குப் பார்வையும் மங்கிற்று. காரீய நஞ்சே காரணம் என்று ஜெஃபரிஸ் டர்னர் முதலிய மருத்துவர்கள் 1890களில் கண்டறிந்தனர். ஆனால், வர்ணம் பூசும் தொழிலாளருக்கு வரும் அந்நோய் பால்மணம் மாறாத குழந்தைகளை எவ்வழியே அடைந்தது? பல்லாண்டுகள் விடை கிட்டவில்லை.

1904இல் கண் மருத்துவரான லாக்ஹார்ட் கிப்சன் அவ்விடையை எடுத்துரைத்தார். அவ்வூர் வீடுகள் பெரும்பாலும் மரத்தாலானவை. அவற்றின் தாழ்வாரக் கிராதிகளுக்குக் காரீயம் கலந்த வர்ணம் பூசுவர். கடும் வெயிலில் அது பொடிந்து, கிராதியைப் பற்றி விளையாடும் குழந்தையின் விரல்களில் ஒட்டும். விரல் சூப்பும்போதும் நகம் கடிக்கும்போதும் வயிற்றுக்குள் செல்லும். தாய் அச்சமின்றி விளையாடவிட்ட இடமே நஞ்சின் இருப்பிடமாயிருந்தது!

உண்மை வெளிப்பட்ட பின்னரும் சட்டம் விரைந்து வரவில்லை. குழந்தைகளின் கைக்கெட்டும் இடங்களில் காரீய வர்ணம் பூசுவதைக் குவீன்ஸ்லாந்து 1922இல் தடுத்தது. அமெரிக்கா 1978இல் வீட்டு வர்ணங்களில் அதைத் தடை செய்தது. இந்தியாவில் 2016இல் விதிகள் இயற்றப்பட்டு, 2017 நவம்பர் முதல் வீட்டு வர்ணத்தில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் இருத்தலாகாது என்றாயிற்று. காரீயம் கலந்த பெட்ரோலை நம் நாடு 2000இல் கைவிட்டது.

ஏன் இத்தாமதம்? அவ்வர்ணம் உறுதியானது, விற்போருக்கும் வாங்குவோருக்கும் அதை விட மனம் வரவில்லை. மேலும், சிறுகச் சிறுகச் சேரும் காரீயம் வெளிக்குறி எதுவும் காட்டாமலே குழந்தையின் கற்கும் திறனைக் குறைத்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத கேட்டுக்கு யார் குரல் கொடுப்பார்?

சட்டம் புதிய வர்ணத்தையே கட்டுப்படுத்தும். பழைய சுவரை அன்று. பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்த நாம், பிறர் வர்ணம் பூசிய பழைய வீடுகளில் குடியிருக்கிறோம். சன்னலிலும் கதவிலும் வர்ணம் உதிருமாயின், உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள். தூசியை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். உண்ணுமுன் குழந்தைகளின் கைகளைக் கழுவிவிடுங்கள். குடிபுகும் நாளில் சமையலறையையும் தண்ணீர்க் குழாயையும் பார்ப்பதுபோல், குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தையும் ஒருமுறை பார்த்துவிடுதல் நன்று.