பாய்மரப் படகில் எந்தக் கயிறு எதற்கு? பெயர்களும் பயன்களும்

பாகான் டாலாம் – 'பாகான்' என்ற மலாய்ச் சொல்லுக்குப் படகுத்துறை என்பது பொருள். எதிரே ஜார்ஜ்டவுன், இடையில் நீரிணை. தினமும் கடலைப் பார்த்தே வளர்கிறோம். ஆனாலும் பாய்மரப் படகு என்றாலே அது யாரோ வசதியானவர்களின் விளையாட்டு என்று ஒதுங்கிவிடுகிறோம்.

கரையில் நின்று பார்த்தால் படகு காற்றின் போக்கில் தானாகப் போவதுபோல் தெரியும். உண்மையில் அதை ஓட்டுபவரின் ஒரு கை சுக்கானில் இருக்கும், மறு கை கயிற்றில் இருக்கும். எந்தக் கயிறு எதற்கு என்று தெரிந்துகொள்வதே இந்த விளையாட்டின் முதல் பாடம். பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோருக்கும் இது பயன்படும்.

படகில் கயிறுகள் இரண்டு வகை. பாய்மரம் சாயாமல் இழுத்துப் பிடிப்பவை ஒரு வகை. அவை பெரும்பாலும் எஃகு வடங்கள், ஓட்டும்போது அவற்றை அவிழ்ப்பதில்லை. இன்னொரு வகை, ஓட்டுபவர் இழுத்தும் தளர்த்தியும் பாயை ஆள்பவை. இவை பாயை ஏற்றும், அதன் கோணத்தை மாற்றும், அதன் வளைவைக் கூட்டும் அல்லது குறைக்கும்.

பாயை ஏற்றும் கயிறு

பாயை மரத்தின் உச்சிக்கு இழுத்து ஏற்றும் கயிற்றை ஆங்கிலத்தில் 'ஹல்யார்ட்' என்கிறார்கள். தமிழில் இதற்கு 'ஆஞ்சான்' என்று பெயர். உச்சியில் உள்ள கப்பி வழியாக இது ஓடும். கிணற்றில் வாளி இழுத்தவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. பாயை அவசரமாக இறக்கவும் இதே கயிறுதான் என்பதால், இது சிக்கலில்லாமல் சுருட்டி வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

பாயைத் திருப்பும் கயிறு

'ஷீட்' என்ற சொல்லைக் கேட்டதும் புதிதாக வருபவர்கள் பாயைத்தான் நினைப்பார்கள். ஆனால் அது பாயின் கோணத்தை மாற்றும் கயிறு. தமிழில் 'தாமான்'. காற்று வரும் திசையை நெருங்கிப் போகும்போது இதை உள்ளே இழுக்க வேண்டும். காற்று முதுகுப் பக்கமிருந்து வந்தால் தளர்த்திப் பாயை வெளியே விட வேண்டும். காரில் எண்ணெய் மிதியும் பிரேக்கும் செய்யும் வேலையை இங்கே இந்த ஒரே கயிறு செய்கிறது. முன்பாய் உள்ள படகுகளில் அதற்கு வலம் ஒன்று, இடம் ஒன்று என்று தனியாக இரண்டு தாமான் கயிறுகள் இருக்கும்.

பாயின் வளைவை மாற்றும் கயிறுகள்

பாய் தட்டையான துணி அல்ல. பறவையின் சிறகுபோல வளைந்திருக்கும். மெல்லிய காற்றில் வளைவு கூடுதலாகவும், பலத்த காற்றில் குறைவாகவும் இருக்க வேண்டும். அதற்கான கயிறுகள் மூன்று.

அவுட்ஹால்: பாயின் அடியில் படுக்கையாக இருக்கும் தடிக்கு 'பூம்' என்று பெயர். பாயின் பின்மூலையை அந்தத் தடியின் நுனி நோக்கி இழுப்பது அவுட்ஹால். இழுத்தால் பாயின் கீழ்ப்பகுதி தட்டையாகும், விட்டால் வயிறு விழும்.

கன்னிங்ஹாம்: பாயின் முன்விளிம்பைக் கீழ்நோக்கி இழுப்பது. காற்று கூடும்போது பின்னால் நகர்ந்துவிடும் வளைவை இது முன்னுக்குக் கொண்டுவரும். 1958-இல் அமெரிக்கா கோப்பைப் பந்தயத்தில் 'கொலம்பியா' படகின் தலைவராக இருந்த பிரிக்ஸ் கன்னிங்ஹாமின் பெயர் இது.

வேங்: 'கிக்கர்' என்றும் சொல்வார்கள். பூம் மேலே எழாமல் கீழ்நோக்கிப் பிடிப்பது. இது தளர்ந்தால் பாயின் மேல்பகுதி முறுக்கிக்கொண்டு காற்றை வெளியே விட்டுவிடும். பலத்த காற்றில் படகு தத்தளிக்கும்போது இதைத் தளர்த்துவது அழுத்தத்தைக் குறைக்கும் ஒரு வழி.

பெரிய படகுகளில் இன்னும் சில உண்டு. காற்று மிஞ்சும்போது பாயின் ஒரு பகுதியை மடித்துக் கட்ட உதவுவது 'ரீஃபிங்' கயிறு. முன்பாயைப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டுவது 'ஃபர்லிங்' கயிறு. பாயை இறக்கியபின் பூம் ஆட்களின் தலையில் விழாமல் தாங்குவது 'டாப்பிங் லிஃப்ட்'.

சிறு படகில் எத்தனை?

15 வயது வரையுள்ள பிள்ளைகள் ஓட்டும் 'ஆப்டிமிஸ்ட்' படகின் நீளம் 2.3 மீட்டர்தான். அதில் பாயைச் சிறு கயிறுகளால் மரத்தோடு கட்டிவிடுவார்கள். அடுத்த கட்டம் ஐ.எல்.சி.ஏ. படகு. முன்பு 'லேசர்' என்று அழைக்கப்பட்டது. பாயை உறைபோல மரத்தில் மாட்டிவிடுவதால் அதில் ஆஞ்சான் கிடையாது. தாமான், வேங், கன்னிங்ஹாம், அவுட்ஹால் ஆகியவற்றோடு, படகின் பின்புறம் குறுக்கே ஓடும் 'டிராவலர்' கயிறும் உண்டு. இந்த ஐந்தும் பழகினால் போதும்.

இந்த வகைப் படகில்தான் சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் போட்டியிட்டார். பாய்மரப் படகோட்டத்தில் ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண் அவர். வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணனும் அங்கே போட்டியிட்டார். நம் நாட்டின் நூர் ஷஸ்ரின், கைருல்நிஸாம் இருவரும் அதே வகைப் படகில்தான் ஒலிம்பிக் சென்றார்கள்.

கடலில் கவனம்

மலாக்கா நீரிணையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் 'சுமத்ரா' எனப்படும் திடீர்ப் புயற்காற்று, பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ, மழையோடு வரும். அதுபோன்ற நேரத்தில் எதை முதலில் விடுவது என்று யோசிக்க அவகாசம் இருக்காது.

முதலில் விட வேண்டியது தாமான். விட்டவுடன் பாய் காற்றை உதறும், படகு நிமிரும். அதனால்தான் தாமானை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது என்று முதல் நாளே சொல்லிக்கொடுக்கிறார்கள். அதன் நுனியில் எட்டு வடிவ முடிச்சு இட்டால் கப்பியை விட்டுக் கயிறு நழுவாது. படகு கவிழ்ந்துவிட்டால், நிமிர்த்துமுன் தாமானையும் வேங்கையும் தளர்த்த வேண்டும். இல்லையென்றால் நிமிர்ந்தவுடன் பாய் காற்றுப் பிடித்து மறுபடியும் கவிழும். உயிர்காப்பு அங்கி இல்லாமல் படகில் ஏறவே கூடாது.

சொல் நம்மிடம் உண்டு

ஆஞ்சான், தாமான், பாய் கட்டும் குறுக்குமரமான பருமல், சுக்கான் எல்லாம் தூத்துக்குடித் தோணிகளிலும் யாழ்ப்பாணத்து வத்தைகளிலும் புழங்கிய சொற்கள். சில அரபு, பாரசீகக் கடலோடிகளோடு பழகியதில் வந்தவை. கொடுத்ததும் உண்டு: மலாயில் 'காப்பால்' என்பது நம் கப்பல்தான்.

யாழ்ப்பாணம் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல், அவ்வூர் மாலுமிகளோடு 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அட்லாண்டிக்கைக் கடந்தபோது அவர்கள் இழுத்ததும் தளர்த்தியதும் இதே வகைக் கயிறுகள்தான்.

நம் தாத்தா பாட்டிகளில் பலர் 'ரஜூலா' கப்பலில் பயணிகளாக இந்தத் துறைக்கு வந்து இறங்கியவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இதே நீரில் தாமானைப் பிடித்துப் படகோட்டிப் பழகலாம். பயிற்சியில் ஆங்கிலப் பெயர்தான் சொல்வார்கள், அதைக் கற்கத்தான் வேண்டும். தமிழ்ப் பெயரை வீட்டில் சொல்லிக்கொடுப்போம்.