சுசுமு: ஓரொலியும் பல்லெழுத்தும்

தமிழெழுத்து ஒலியைக் குறிப்பது. ஆதலின் ஒலி ஒன்றாயின் பெயரும் ஒன்றெனக் கொள்வது நம் வழக்கு. சப்பானிய மக்கட்பெயரை ஆராய்வார்க்கு இக்கொள்கை துணை செய்யாது. ஆங்கு ஒரு பெயரைப் பிறிதொன்றினின்று வேறுபடுத்துவது பெரும்பாலும் எழுத்தே. 'சுசுமு' என்னும் ஆண்பாற்பெயர் கொண்டு இதனை விளக்குவோம்.

தமிழுக்கும் சப்பானியத்துக்கும் உறவுண்டு என்னும் கருத்தை வெளியிட்ட சுசுமு ஓனோ (1919–2008) நம் துறையினர்க்கு நன்கு அறிமுகமானவர். அக்கருத்தினை மொழியியலார் பலர் ஏற்றிலர். அஃது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அவர் காலத்திலேயே மற்றொரு சுசுமு ஓனோவும் (1928–2000) வாழ்ந்தார். மரபணு இரட்டித்தல் உயிரினப் படிவளர்ச்சிக்குப் பெருங்காரணம் என 1970இல் நூலெழுதிய மரபியலார் இவர். தமிழில் எழுதுங்கால் இருவர் பெயரும் ஒன்றே. சப்பானிய எழுத்திலோ குடிப்பெயர் ஒன்றாயினும் இயற்பெயர் வேறு.

'முன்னேறு' எனப் பொருள்படும் வினைச்சொல்லே 'சுசுமு' எனப் பெயராய் நின்றது. சீனத்தினின்று பெற்ற சொல்லெழுத்துகள் பல இவ்வொலிக்கு உரியவாயின. நடையைக் குறிக்கும் உறுப்பும் குறுவாற்பறவையின் வடிவும் சேர்ந்த எழுத்து அவற்றுள் ஒன்று. நோபல் பரிசு பெற்ற சுசுமு தொனெகாவா (1987), சுசுமு கிதாகாவா (2025) ஆகிய இருவர் பெயரும் இவ்வெழுத்தால் அமைந்தன. மொழியறிஞர் ஓனோவின் எழுத்து, அடியில் ஞாயிற்றைக் கொண்டது; முன்னேற்றப் பொருளுடன் பழஞ்சீன நாடொன்றின் பெயராகவும் வழங்குவது. மரபியலாரின் எழுத்து வானத்தைக் குறிப்பது, உலர்தற்பொருளும் அதற்குண்டு. 'ஈ சிங்' என்னும் பழஞ்சீன நிமித்த நூல் கூறும் 64 குறிகளுள் முதலாவதன் பெயர் இவ்வெழுத்தே. 35ஆவதன் பெயர் மொழியறிஞரின் எழுத்து. வானின் இயக்கம் ஓய்வற்றது என்பது அந்நூல் மரபாதலின், வானத்தைக் குறிக்கும் எழுத்து முன்னேற்றப் பெயருக்கு உரியதாயிற்று எனக் கருதலாம்.

எழுத்தினின்று ஒலியை உய்த்துணர்தலும் எளிதன்று. மொழியறிஞரின் எழுத்தே, தலைமையமைச்சராயிருந்த சின்சோ அபேயின் (1954–2022) பெயரில் 'சின்' என ஒலிக்கிறது. சப்பானியக் குடிப்பதிவேடும் நெடுங்காலம் எழுத்தை மட்டுமே பதிந்து வந்தது. பெயரின் ஒலிப்பையும் பதிதல் வேண்டும் என்னும் சட்டத்திருத்தம் 2025 மே 26இல்தான் நடைமுறைக்கு வந்தது.

ஆதலின், சப்பானிய ஆசிரியர் பெயரைத் தமிழ் நூற்பட்டியில் சேர்ப்போர், ஒலியோடு பெயரெழுத்தின் பொருளையும் பிறந்த ஆண்டையும் உடன்குறித்தல் வேண்டும். இன்றேல் மொழியாய்வு நூலும் மரபியல் நூலும் ஒருவர் பெயரிலேயே ஏறும். பின்வரும் ஆய்வாளர் இல்லாத ஒருவரைத் தேடி இடர்ப்படுவர்.