உலைக்கு வெளியே: கண்ணாடி மணியும் பெண்களின் கையும்

அரிக்கமேட்டைப் பற்றிய பேச்சில் ரோமானியர்கள் முதல் வரியிலேயே வந்துவிடுகிறார்கள். 1945இல் அங்கே அகழாய்வு செய்த மார்ட்டிமர் வீலர், மறு ஆண்டு வெளியான தம் அறிக்கையின் தலைப்பிலேயே அதை இந்திய-ரோமானிய வணிக நிலையம் என்று குறித்தார். இத்தாலியிலிருந்து வந்த மண்கலங்களும் மதுச்சாடிகளும் காலத்தைக் கணிக்க உதவின என்பதால் அவற்றுக்கு முதலிடம் கிடைத்தது. அதே மண்ணில் கிடைத்த கண்ணாடி மணிகள் துணைச் செய்தியாக நின்றன. கப்பலில் வந்த பொருள் வரலாறாயிற்று, உள்ளூர்க் கைகள் செய்த பொருள் பின்னிணைப்பாயிற்று.

1989 முதல் 1992 வரை விமலா பெக்லி, கே.வி. ராமனோடு சேர்ந்து அந்த மேட்டை மீண்டும் தோண்டினார். ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது, அந்த வணிகம் ஓய்ந்த பிறகும் ஊர் இருந்தது என்பதை அவருடைய ஆய்வு எடுத்துக்காட்டியது. மணிகளை ஆராய்ந்த பீட்டர் பிரான்சிஸ், அரிக்கமேடு மணிகள் வந்து இறங்கிய இடம் மட்டுமல்ல, அவை செய்யப்பட்ட இடம் என்பதைக் கழிவுத் துண்டுகளைக் கொண்டு நிறுவினார். கிழக்கு ஆப்பிரிக்கா தொடங்கி தென்கிழக்கு ஆசியா, கொரியா, ஜப்பான் வரை கிடைக்கும் இவ்வகைச் சிறு மணிகளுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயர் வைத்தவரும் அவரே. அண்மைக் காலத்தில் லோர் துபுசியு என்ற வேதியியலாளர் லேசர் உதவியோடு மணிகளில் உள்ள தனிமங்களைப் பகுத்து, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் புழங்கிய சோடா-அலுமினா வகைக் கண்ணாடி எந்தெந்தக் கரைகளுக்குப் போயிற்று என்று தடம் பிடித்திருக்கிறார். பழனிக்கு அருகே பொருந்தலில் கா. ராஜன் நடத்திய அகழாய்வில் ஆயிரக்கணக்கில் கண்ணாடி மணிகள் கிடைத்தன. கீழடியிலும் கிடைத்திருக்கின்றன. கடற்கரைக்கு வெகு தொலைவில் உள்ள ஊர்களிலும் பாசி அணிந்த கழுத்துகள் இருந்திருக்கின்றன.

இத்தனை தெரிந்த பிறகும் ஒரு கேள்வி கேட்கப்படாமலே இருக்கிறது. உலைக்கு வெளியே இந்த மணிகளுக்கு உழைத்த கைகள் யாருடையவை?

ஒரு மணி எப்படி உருவாகிறது என்று பார்த்தால்தான் இந்தக் கேள்வியின் கனம் விளங்கும். ஆந்திரத்தில் திருப்பதிக்கு அருகே உள்ள பாப்பாநாயுடுபேட்டையில் இந்தப் பழைய முறை நம் காலம் வரை உயிரோடு இருந்திருக்கிறது. உருகிய கண்ணாடியை இரும்புக் குழலின் முனையில் கூம்பாகத் திரட்டி, நடுவே துளை விழச் செய்து, உலையில் வைத்தபடியே மறுபக்கத்திலிருந்து கொக்கியால் இழுப்பார்கள். உள்ளே துளையோடு மெல்லிய குழாய் வந்துகொண்டே இருக்கும். அந்தக் குழாயைச் சிறு சிறு துண்டுகளாக வெட்ட வேண்டும். துண்டுகளின் விளிம்பு கத்தி போல் இருக்கும். சாம்பலைக் கலந்து சட்டியில் இட்டு மீண்டும் சூடாக்கிக் கிளறினால் விளிம்பு மழுங்கி உருண்டையாகும். சாம்பல் உள்ளே புகுந்திருப்பதால் துளை மூடிக்கொள்ளாது, ஒரு மணியோடு இன்னொன்று ஒட்டாது. பிறகு சாம்பலைப் போக்கி, சலித்து, அளவுவாரியாகப் பிரித்து, நூலில் கோத்துச் சரமாக்க வேண்டும்.

இந்த வரிசையில் குழாய் இழுப்பது ஒரு கட்டம். வெட்டுவது, கிளறுவது, சலிப்பது, பொறுக்குவது, கோப்பது என்று மீதிக் கட்டங்கள் நீள்கின்றன. இழுப்பதை மட்டும் தொழில்நுட்பம் என்கிறோம். மற்றவை நம் சமையற்கட்டிலும் களத்திலும் அன்றாடம் நடக்கும் அசைவுகள் போலவே இருப்பதால் அவற்றைத் திறன் என்று யாரும் எண்ணுவதில்லை. கிளறும் பதம் ஒரு நொடி தவறினால் சட்டியில் இருப்பது முழுவதும் ஒரே கட்டியாகிவிடும். நெல்லிலிருந்து கல்லைப் பொறுக்கும் கண்தான் அரை மில்லிமீட்டர் வித்தியாசமுள்ள இரண்டு மணிகளைப் பிரிக்கிறது. இருந்தும் அகழாய்வுக் கண்காட்சிகளில் வரையப்படும் கற்பனைப் படத்தில் உலையின் முன் வேர்வை வழிய நிற்பவன் ஆண். பெண் ஓரமாக, கழுத்தில் மணியோடு, பானை சுமந்து போகிறாள். மண்ணுக்கடியில் கிடைக்கும் ஒரு மணி தன்னை உருட்டிய கை ஆணுடையதா பெண்ணுடையதா என்று சொல்வதில்லை. வரைபவர் அந்த இடத்தை ஆணுக்குக் கொடுக்கிறார், நாம் அதைச் சான்று போல் ஏற்கிறோம்.

மணி போய்ச் சேர்ந்த இடத்தில் கதை வேறு. செம்பு சேர்த்து உருக்கிய மங்கலான செம்மணிகள் இந்தோனேசியத் தீவுகளில் 'மூட்டிசாலா' என்று போற்றப்படுகின்றன. தீமோர் பகுதியில் அவை தலைமுறைச் சொத்து. திருமணத்தில் பெண்ணுக்காகக் கொடுக்கப்படும் பொருள்களில் அவையும் உண்டு. மணி அங்கே பெண்ணுக்கு விலையாக நிற்கிறது, இங்கே அவளுக்கு அணியாக நிற்கிறது. அவள் அதைச் செய்தவளாகவோ விற்றவளாகவோ எந்தக் கரையிலும் பேசப்படுவதில்லை.

விற்பனையைப் பற்றி நம் இலக்கியம் என்ன சொல்கிறது என்று பார்க்க 'திருவிளையாடற் புராணம்' போதும். அதில் வளையல் விற்ற படலம் உண்டு. தாருகா வனத்து முனிவர்களின் மனைவியர் சாபத்தால் மதுரையில் வணிகர் குலத்துப் பெண்களாகப் பிறக்கிறார்கள். சிவபெருமான் வளையல்காரராகத் தெருவில் வந்து அவர்களுடைய கையைப் பிடித்து வளையல் இடுகிறார். மதுரையில் ஆவணி மாதத்தில் இன்றும் இந்த லீலை நடத்தப்படுகிறது. அந்நிய ஆண் ஒருவன் பெண்ணின் மணிக்கட்டைத் தொடலாம் என்ற அனுமதியை நம் சமூகம் வளையல்காரருக்குத்தான் கொடுத்திருந்தது. அந்த அனுமதியைப் புராணம் கடவுளின் விளையாட்டாக உயர்த்திவிட்டது. கண்ணாடியைக் கூடையில் சுமந்து தெருத் தெருவாகப் போன பெண்ணுக்கு இப்படி ஒரு படலம் எழுதப்படவில்லை.

நான் வளர்ந்த வெள்ளக்கடை சேர்வராயன் மலையில், ஏற்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. காப்பித் தோட்டங்களும் சில்வர் ஓக் மரங்களும் சூழ்ந்த ஊர்களுக்குக் கண்ணாடி இரண்டு வழிகளில் மலையேறி வந்தது. ஒன்று, சேலத்திலிருந்து வரும் வளையல்காரரின் பெட்டி. இன்னொன்று, பாசி விற்கும் நரிக்குறவர் பெண்களின் தோள்பை. இரண்டும் கண்ணாடிதான் என்றாலும் இரண்டுக்கும் விதி ஒன்றில்லை. வளையல் சுமங்கலிக்கு உரியது. வளைகாப்பில் அடுக்குவதும், ஆடிப்பூரத்தில் அம்மனுக்குச் சாத்திப் பெண்களுக்குப் பிரசாதமாகக் கொடுப்பதும், கணவன் இறந்த பின் உடைப்பதும் அதைத்தான். ஒரு பெண்ணின் கையில் கண்ணாடி இருக்கலாமா கூடாதா என்பது இன்னொருவருடைய உயிரைப் பொறுத்தது என்று ஏற்பாடு.

காப்பிப் பழம் பறிக்கப் போய்க்கொண்டிருந்த என் பெரியம்மாவுக்கும் வளையலை உடைத்தார்கள். அதற்குப் பிறகு வளையல்காரர் எங்கள் வாசலுக்கு வந்தால் அவருக்கு முன்னால் பெரியம்மா வந்து உட்கார்ந்ததில்லை, அவரும் கூப்பிட்டதில்லை. சில வருடங்கள் கழித்து அவர் கழுத்தில் ஒரு நீலப் பாசிச் சரம் ஏறியது. எங்கே வாங்கியது என்று கேட்டதற்கு, "பாசிக்காரிகிட்டதான். அவ என்ன ஏதுன்னு கேக்கல. கழுத்த அளந்தா, முடிச்சுப் போட்டா, காச வாங்கிக்கிட்டா" என்றார். மங்கலம், அமங்கலம் என்ற பட்டியலுக்குள் பாசிச் சரம் சிக்காமல் இருந்ததும், அதை விற்றவள் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வராததும்தான் பெரியம்மாவுக்குக் கிடைத்த இடைவெளி. தமிழ்ப் பெண்களின் வரலாற்றில் பாசி விற்கும் பெண்ணின் இடம் எது என்று நான் யோசிக்கத் தொடங்கியது இதிலிருந்துதான்.

நரிக்குறவர் என்பது பிறர் வைத்த பெயர். அவர்கள் தங்களை வாக்ரி என்றும் தங்கள் மொழியை வாக்ரிபோலி என்றும் சொல்கிறார்கள். வேட்டை அவர்களுடைய பழைய பிழைப்பு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் குற்றமாக்கியபோது, குடும்பத்தின் வருமானம் பெரும்பாலும் மணியின்மேல், அதாவது பெண்களின் கையின்மேல் வந்து விழுந்தது. 2008இல் தமிழ்நாடு அரசு அவர்களுக்கென நல வாரியம் அமைத்தது. மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலிருந்து பழங்குடியினர் பட்டியலுக்கு மாற்றும் சட்டத் திருத்தத்தை 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதற்கான கோரிக்கை பல பத்தாண்டு பழையது. இந்தச் செய்திகளிலெல்லாம் அவர்கள் நலிந்தோராக, பயனாளிகளாக வருகிறார்கள். கைவினைஞர் என்ற சொல் அவர்களுக்கு அரிதாகவே வாய்க்கிறது.

அவர்கள் கண்ணாடியை உருக்குவதில்லையே, மொத்தக் கடையில் வாங்கிய மணியைத்தானே கோக்கிறார்கள் என்று ஒரு மறுப்பு வரும். ஏற்காடு ஏரிக்கரையில் மே மாதக் கோடை விழாக் கூட்டத்துக்கு நடுவே சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த ஒருவரிடம், ஒரு சரத்துக்கு எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். "கண்ணு நல்லா இருந்தா அரை நாள், டீச்சரம்மா. வாங்குறவங்க மணிக்குத்தான் காசு தர்றாங்க. கைக்கு யாரும் தர்றதில்ல" என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு குடும்பம் வந்து சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டது. அவர் பதில் சொல்லாமல் அடுத்த மணியை எடுத்தார். மணிகளின் நிற வரிசை, எடை தாங்கும் நூல், இரண்டு மணிக்கு நடுவே விழும் முடிச்சு, கழுத்தில் சரம் படியும் வளைவு எல்லாவற்றையும் அவரே முடிவு செய்கிறார். ஒரு பொருளுக்கு உரு கொடுப்பவரை ஆக்குநர் என்று சொல்வதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இதே மறுப்பை நாம் ஃபிரோசாபாத்தில் சொல்ல முடியாது. தமிழ்நாட்டுக் கடைகளில் தொங்கும் கண்ணாடி வளையல்களில் பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்தின் அந்த நகரத்திலிருந்து வருகிறது. உலைக்கூடத்தில் கண்ணாடி இழையைச் சுழலும் தண்டில் சுருளாகச் சுற்றி, சுருளைக் கீறி வளையங்களாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு வளையத்திலும் ஒரு வாய் பிளந்திருக்கும். அந்த இரண்டு முனைகளையும் நேராக்கி, தீயில் இளக்கி ஒட்டும் வேலை உலைக்கூடத்தை விட்டு வெளியேறி வீடுகளுக்குப் போகிறது. 'ஜுடாய்' என்று பெயர், இணைப்பு என்று பொருள். ஒரு சிறு சுடரின் முன் பெண்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து செய்கிறார்கள். சுடர் அசையும் என்பதால் கோடையிலும் மின்விசிறி போட முடியாது. கூலி கட்டுக் கணக்கில். கண்ணாடியைக் கண்ணாடியோடு உருக்கி ஒட்டுவதுதான் அவர்களுடைய முழு வேலை, ஆனாலும் அவர்கள் வீட்டுவேலையோடு கையுதவி செய்பவர்களாகவே எண்ணப்படுகிறார்கள். ஆக, உருக்காததால்தான் பெண்ணுக்குக் கைவினைஞர் என்ற பெயர் கிடைக்கவில்லை என்ற வாதம் நிற்காது. உருக்கினாலும் கிடைப்பதில்லை.

கண்ணாடியை உருக்கி ஒட்டுவது கலை என்று கொண்டாடப்படும் இடமும் இருக்கிறது. நிறக் கண்ணாடித் துண்டுகளை அடுக்கி, மின் சூளையில் ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸில் ஒன்றாக இளகவைத்து, பிறகு மிக மெதுவாக ஆறவிடும் இணைகண்ணாடிக் கலை அது. ஒன்றாக ஒட்டும் இரண்டு கண்ணாடிகளும் சூட்டில் ஒரே அளவில் விரிந்து சுருங்க வேண்டும். இல்லாவிட்டால் முடித்து வைத்த பொருள் சில நாள் கழித்துத் தானாக விரிசல் விடும். அமெரிக்காவில் இதைச் சிறு தொழிலாக நிலைநிறுத்தியவர்களில் ஃபிரான்சஸ் ஹிக்கின்ஸ் முக்கியமானவர். கலை கற்பித்துக்கொண்டிருந்த அவர், 1942இலேயே சூளையில் கண்ணாடியை வளைத்துத் தட்டு செய்து பார்த்தார். 1948இல் மைக்கேல் ஹிக்கின்ஸை மணந்த பிறகு இருவரும் சிகாகோவில் தங்கள் வீட்டிலேயே பட்டறை தொடங்கினார்கள். பின்னர் டியர்பார்ன் கண்ணாடி நிறுவனத்தில் அவர்களுடைய பொருள்கள் பெருமளவில் தயாரானபோது, அவற்றில் பொன்னிறத்தில் பதிந்த கையொப்பம் 'ஹிக்கின்ஸ்' என்ற ஒற்றைச் சொல். திருமணத்துக்கு ஆறு ஆண்டு முன்பே கண்ணாடியில் கை வைத்தவர், கணவருடைய குடும்பப் பெயருக்குள்தான் நினைக்கப்படுகிறார். கலை என்ற தகுதி கிடைத்த இடத்திலும் பெண்ணின் பெயர் பாதிதான் வருகிறது.

சென்னையில் ஒரு கைவினைக் கண்காட்சியில் இப்படிச் சூளையில் இணைத்த கண்ணாடிப் பதக்கங்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் செய்தவரின் பெயரும் செய்முறையும் அச்சிட்ட சிறு அட்டை இருந்தது. யாரும் பேரம் பேசவில்லை. செய்தவரும் ஒரு பெண், தனியாளாக ஒரே சூளையோடு உழைப்பவர். அவருக்குக் கிடைத்த மரியாதை அவர் உழைப்புக்கு உரியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அந்த அட்டை ஏன் ஏரிக்கரைச் சாக்கின்மேல் இல்லை என்பதே என் கேள்வி. இருவரும் நிறம் தேர்கிறார்கள், வடிவம் கொடுக்கிறார்கள், தாங்களே விற்கிறார்கள். ஒருவரைக் கலைஞர் என்றும் இன்னொருவரைப் பாசிக்காரி என்றும் பிரிப்பது அவர்கள் எந்தச் சாதியில் பிறந்தார்கள், எந்த மொழியில் படித்தார்கள், கூரைக்குக் கீழே உட்கார்ந்து விற்கிறார்களா வானத்துக்குக் கீழேயா என்பதுதான்.

தெருவோர வியாபாரிகளுக்கான 2014ஆம் ஆண்டுச் சட்டம், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்றும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. விழா நாளில் எந்த இடத்தில் யார் சாக்கு விரிக்கலாம் என்பதைப் பேசும் அறையில் பாசி கோக்கும் ஒரு பெண் உட்கார வேண்டும். அது உரிமையின் வழி. எழுதுகிறவர்களுக்கும் ஆய்வு செய்கிறவர்களுக்கும் இன்னொரு வேலை இருக்கிறது. அரிக்கமேட்டுக் கழிவுத் துண்டுகளை எண்ணிய அதே பொறுமையோடு, இன்று உயிரோடு இருக்கும் முடிச்சு வகைகளையும் அவற்றுக்கு வாக்ரிபோலியில் உள்ள பெயர்களையும், போடுகிறவரின் பெயரோடு சேர்த்துக் குறித்துவைக்க வேண்டும். நூல் மண்ணில் மக்கிவிடும், மணி மட்டும் மிஞ்சும். கோத்தவளை இரண்டாயிரம் ஆண்டு கழித்துத் தேடிக் கண்டுபிடிக்க எந்தச் சல்லடையும் இல்லை.